மருந்து நோட்டில் விடுபட்ட இரண்டு ஆண்டுகள்

(மாணவர்களும் இளைஞர்களும் கூடிய வாசிப்பு வட்டம் ஒன்றில் 2023 ஆகஸ்ட் மாதம் பேசியதன் எழுத்து வடிவம்)



கடந்த மே 5ஆம் தேதி கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம்மில் பலர் அந்தச் செய்தியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்போம். அதற்கு முன்பே திருவிழா, கல்யாணம், பொதுக்கூட்டம் எல்லாம் தொடங்கிவிட்டன. எனவே இன்றைக்குக் கொரோனாவைப் பற்றிப் பேச வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் பேச வந்தது கொரோனாவைப் பற்றி இல்லை. கொரோனா வந்ததால் தள்ளிப்போட்ட மற்ற எல்லாவற்றையும் பற்றி. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி விட்ட கண், பல், மார்பு, கருப்பை. தள்ளிப்போட்டவற்றை யார் மறுபடி போய்ப் பிடித்துக்கொண்டார்கள், யாரால் இன்றுவரை முடியவில்லை என்பதற்குள் சாதி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லத்தான் முயல்கிறேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு விழுப்புரம் மாவட்டத்தின் சில ஊர்களில், சேரிப் பெண்கள் அரசு மருத்துவத்தை எப்படி அனுபவிக்கிறார்கள் என்பது குறித்தது. களத்துக்குப் போகும்போது பெரிய கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து எடுத்துப் போனேன். இரண்டு வாரத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டேன். கேள்வி கேட்டால் எல்லோரும் "நல்லாத்தான் பாக்குறாங்க" என்றார்கள். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. பிறகு ஒரு பாட்டி, மஞ்சப்பைக்குள் ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருந்த தன் மருந்து நோட்டை எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு நான் போகும் வீடுகளில் எல்லாம் நோட்டைத்தான் கேட்டேன்.

உங்கள் வீட்டிலும் அந்த நோட்டு இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற அதே நாற்பது பக்க நோட்டு. மேலே தேதி, அதற்குக் கீழே பி.பி. எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று இரண்டு மூன்று மாத்திரைப் பெயர், ஒரு கிறுக்கல் கையெழுத்து, முத்திரை. மாதத்துக்கு ஒரு பதிவு. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் வாழ்க்கையில் அவர் பெயரில் எழுதப்பட்ட ஒரே புத்தகம் சில நேரம் அதுவாகத்தான் இருக்கிறது. புரட்டிக்கொண்டே போனால் 2020 பிப்ரவரி அல்லது மார்ச்சில் ஒரு பதிவு வரும். அதற்கு அடுத்த பதிவு 2021 அக்டோபர், 2022 மார்ச், சிலருக்கு 2022 டிசம்பர். நடுவில் வெற்றுப் பக்கம்கூடக் கிடையாது. ஒரு கோடு போட்டு அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளை ஒரு கோடு விழுங்கியிருக்கிறது. முன்பு 150 என்றிருந்த சர்க்கரை, கோட்டுக்குக் கீழே 340 ஆகியிருக்கிறது.

நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் அப்போதுதான் பேச்சு வருகிறது. 2020 மார்ச் 25இல் நாடு பூட்டப்பட்டது. பேருந்து நின்றது. இடையில் கொஞ்சம் ஓடி, மறுபடி நின்று, செப்டம்பரில்தான் ஓரளவு ஒழுங்காக ஓடியது. ஆரம்ப சுகாதார நிலையம் ஐந்து கிலோமீட்டர் என்றால் நடக்கலாம். பதினைந்து கிலோமீட்டர் என்றால்? சில இடங்களில் இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், அது உதவியிருக்கிறது. அதுவும் தீர்ந்தபின் ஒரு வீட்டில் புருஷன், பொண்டாட்டி இருவருக்கும் சர்க்கரை, ஆனால் ஒருவருடைய மாத்திரையை இருவரும் பாதிப் பாதியாகப் போட்டிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் மெடிக்கல் கடையில் காலி அட்டையைக் காட்டி நாலு நாலாக வாங்கியிருக்கிறார்கள், கையில் காசு இருந்த வாரங்களில் மட்டும். மாத்திரையை நிறுத்தினால் உடனே எதுவும் ஆகவில்லை என்பதும் பலருக்குத் தைரியத்தைக் கொடுத்திருக்கிறது. பி.பி.யும் சர்க்கரையும் அப்படிப்பட்ட நோய்கள்தான். சத்தம் போடாமல் சிறுநீரகத்திலும் கண்ணிலும் கால் நரம்பிலும் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சரி, பேருந்து வந்துவிட்டதே, பிறகு ஏன் போகவில்லை? நான் கேட்காமல் இருந்திருக்க வேண்டிய கேள்வி இது என்று சிலர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. கூலி ஒரு காரணம், நடவு நாளில் ஒரு நாளை விட முடியாது. அதைவிட அதிகமாக நான் கேட்ட பதில் வேறு: "திட்டுவாங்க."

இந்தத் திட்டைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். விட்ட மாத்திரையை மறுபடி தொடங்கப் போகிறவர் முதலில் சந்திக்கிற கேள்வி, "இவ்ளோ நாள் எங்க போன?" அறுபது வயதுப் பெண்ணை இருபத்தைந்து வயதுள்ளவர் கேட்கிறார். "எங்க போன", "வா", "உக்காரு", "நீட்டு கைய". ஊர்த்தெருவிலிருந்து வருகிற அதே வயதுப் பெண்ணுக்கு "வாங்கம்மா" கிடைக்கிறது. இதை எந்தப் புகார்ப் பெட்டியில் போடுவது? "ங்க" என்ற விகுதியைக் காணவில்லை என்று எழுதிப் போட முடியுமா? தமிழில் சாதியைச் சொல்ல சாதிப் பெயரே தேவையில்லை, வினைச்சொல்லின் கடைசி எழுத்து போதும். சீட்டுப் போடுகிற இடத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் "ஊரா, காலனியா?" என்று கேட்பார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் முகவரி என்ற இடத்தில் அது ஏறிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எந்த வரிசையில் போய் நின்றாலும் அது உங்களுக்கு முன்னால் போய் நிற்கும். எல்லாச் செவிலியரும் எல்லா மருத்துவரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. என் களத்தில் இருக்கிற ஒரு செவிலியர் நோயாளிகளை "அக்கா, பாட்டி" என்றே கூப்பிடுவார். அவர் பணியில் இருக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பெண்கள் அந்த நாளில் போகிறார்கள். ஒருவருடைய நல்ல குணத்துக்காக நாள் பார்த்துப் போக வேண்டியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவோம். நானும் பேசுகிறவள்தான். இடஒதுக்கீட்டில் படித்து வந்த மருத்துவர்கள் இல்லாமல் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் இந்த அளவுக்கு வந்திருக்காது. ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. 2020இல் மாநிலம் முழுக்க நடந்த தொற்றா நோய்கள் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அப்படிப்பட்டவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேர். சர்க்கரையில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேர். ஆக, தள்ளிப்போடுவது கொரோனாவோடு பிறந்த பழக்கம் இல்லை. ஏற்கனவே பிடி தளர்ந்திருந்தது. கொரோனா கையைத் தட்டிவிட்டது.

அந்தக் காலத்தில் எவை நிற்காமல் நடந்தன என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். பிரசவம் நடந்தது. கர்ப்பிணிக்குப் பிக்மி எண் உண்டு. அந்த எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை சிக்கல். ஊசி போடாத குழந்தையைத் தேடிக் கிராம செவிலியர் வீட்டுக்கே வந்துவிடுவார். தொடக்கத்தில் தடங்கல் இருந்தாலும் இவை சீக்கிரம் எழுந்து நின்றன. காரணம், யார் வரவில்லை என்று கேட்பதற்கு மேலே ஒருவர் இருந்தார், பதில் சொல்வதற்குக் கீழே ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதில், பிள்ளை பெற்று முடித்த ஒரு சேரிப் பெண்ணின் உடம்புக்கு அப்படி ஒரு எண் கிடையாது. அவர் வரவில்லை என்று யாருக்கும் தகவல் போகாது. பெண்ணின் உடம்பு குழந்தை உண்டாகும் வரைக்கும் அரசாங்கத்துக்கு வேண்டும், அதன்பின் அவள் பாடு.

காசநோயில் எண்ணிக்கையே பேசுகிறது. இந்தியாவில் 2019இல் கண்டறிந்து பதிவு செய்யப்பட்ட காசநோயாளிகள் சுமார் 24 லட்சம் பேர். 2020இல் அது சுமார் 18 லட்சம். ஆறு லட்சம் பேருக்கு ஒரே ஆண்டில் நோய் வராமல் போய்விட்டதா? இருமிக்கொண்டேதான் இருந்தார்கள். பரிசோதனைக்கு வரவில்லை. இருமினால் கொரோனா என்பார்கள், வீட்டு வாசலில் தகரம் அடிப்பார்கள் என்று பயந்து தலையணையில் வாயை வைத்து இருமியவர்களை எனக்குத் தெரியும். தகரம் நினைவிருக்கிறதா தோழர்களே? ஒரு வீட்டுக்கு அடித்தார்கள் என்றால் அந்தத் தெருவே ஒதுங்கும். ஒதுக்கிவைப்பது என்றால் என்னவென்று ஊர்த்தெருக்காரர்கள் பலர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்துகொண்டது அப்போதுதான். சேரிக்கு அது புதிதில்லை. 2022இல் பதிவு மறுபடி 24 லட்சத்தைத் தாண்டியது. நல்ல செய்திதான். நடுவில் எத்தனை பேர் வீட்டுக்குள்ளேயே மற்றவர்களுக்கும் கொடுத்திருப்பார்கள் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது.

இந்த இடத்தில் ஒரு வெப்பமானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் படித்திருப்போம். பாபாசாகேப் தன் நினைவுக் குறிப்புகளில், கத்தியவாரில் ஒரு ஊரில் வேலை பார்த்த தாழ்த்தப்பட்ட சமூக ஆசிரியர் எழுதிய கடிதத்தைப் பதிவு செய்கிறார். 1929 டிசம்பரில் காந்தியின் யங் இந்தியா இதழில் வந்த கடிதம் அது. பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் அந்த ஆசிரியரின் மனைவிக்கு உடம்பு மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். பச்சை உடம்புக்காரியைச் சேரிக்கு வெளியே தூக்கிவந்து காட்டுகிறார்கள். மருத்துவர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் ஆசிரியரிடம் கொடுக்கிறார், ஆசிரியர் மனைவிக்கு வைத்துப் பார்த்துவிட்டு அதே வழியில் திருப்பிக் கொடுக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார் மருத்துவர். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

அது அந்தக் காலம் என்று நாம் நினைப்பதுண்டு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுக்கும் திட்டம். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, வலி நிவாரணச் சிகிச்சையும் உண்டு. நான் பார்த்த நோட்டுகளில் கோட்டுக்குக் கீழே மறுபடி பதிவு தொடங்கியதற்குப் பெரும்பாலும் இந்தத் திட்டம்தான் காரணம். அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் மருத்துவர்கள் அல்ல, மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட அந்தந்தப் பகுதிப் பெண்கள். எனவே கேள்வி என்னவென்றால், யார் யார் வீட்டுக்குள் போகிறார்கள்?

நான் போன ஒரு ஊரில் தன்னார்வலர் ஒரு தலித் பெண். சேரியில் எல்லா வீட்டுக்குள்ளும் போய், பாயில் உட்கார்ந்து, பட்டையைக் கையில் சுற்றி பி.பி. பார்ப்பார். ஊர்த்தெருவில் அவர் வாசற்படிக்கு மேலே ஏறுவதில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. "அங்கயே வச்சிட்டுப் போம்மா, நாங்க எடுத்துக்கிறோம்" என்பார்கள். மாத்திரையைத் திண்ணையில் வைத்துவிட்டு வருவார். பி.பி. பார்க்க வேண்டாமா என்று கேட்டால் "இப்பதான் டவுனுல பார்த்தோம்" என்று பதில் வரும். பட்டையைச் சுற்ற வேண்டுமென்றால் அவர் கை அவர்கள் கையைத் தொட வேண்டுமே. பதிவேட்டில் என்ன எண் எழுதுவீர்கள் அக்கா என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை ஆய்வேட்டில் எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து ஊரில் நேர்மாறு. தன்னார்வலர் ஊர்த்தெருக்காரர். சேரி ஆட்களைத் தெருமுனை வேப்பமரத்தடிக்கு வரச் சொல்கிறார். வீடு தேடி வரும் மருத்துவம், வேப்பமரம் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. நடக்க முடியாத கிழவி ஒருவர் அதற்காகவே பேரனைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு வருகிறார். 1929இல் வெப்பமானி பயணித்த வழியை நினைத்துக்கொண்டேன். திட்டத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. சாதி அடைத்து வைத்திருக்கும் தெருவுக்குள் எந்த நல்ல திட்டம் நுழைந்தாலும் அது எங்கே நிற்கிறது என்று போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நகரத்தில் வேறு மாதிரி. நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கும் ஒரு பெண்ணுக்கு வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கி மதியம் வரை. அரசு மருத்துவமனை ஓ.பி. காலை ஏழரை முதல் பன்னிரண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவருக்கு ஓ.பி. என்பதே கிடையாது. ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகும், மேஸ்திரி முகம் கோணும். 2020 மார்ச் 22ஆம் தேதி நாடே கை தட்டியது, சில இடங்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டுப் பாதபூஜைகூடச் செய்தார்கள். காலைக் கழுவியவர்கள் அந்தக் காலில் புண் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. எனக்குப் பாதபூஜை என்ற சொல்லே குமட்டும், அது தனிக் கதை.

கடந்த ஜூன் மாதம் மாநிலம் முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. அவை காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் இயங்குகின்றன. என்னைக் கேட்டால் அந்த மாலை நான்கு மணி நேரம்தான் முக்கியமான விஷயம். கூலி இழக்காமல் போகலாம். இதைக் கிராமத்துக்கும் கேட்க வேண்டும். அதோடு, ஒப்பந்தப் பணியாளர் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடிக்க வேண்டும், வேலை கொடுப்பவர் 3.25 சதவீதம் கட்ட வேண்டும் என்பது சட்டம். நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, 70 சதவீதச் சம்பளம் இ.எஸ்.ஐ. கொடுக்கும். நான் பேசிய பெண்களில் இதைக் கேள்விப்பட்டவர்களே அரிது. பிடித்தம் மட்டும் தெரியும், அட்டையைப் பார்த்ததில்லை. சட்டம் படிக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் ஊர் ஒப்பந்ததாரர் கட்டுகிறாரா இல்லையா என்று கண்டுபிடிப்பது ஒரு மாலை நேர வேலை.

இங்கே ஒரு எதிர்வாதத்தையும் பேசிவிடலாம். சில தோழர்கள் கேட்கிறார்கள்: "பரிசோதனை, செக்கப் என்பதெல்லாம் கார்ப்பரேட் மருத்துவமனைகளின் வியாபாரம். நாம் நிலம், வேலை, வன்கொடுமை என்று பேசாமல் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவதா?" முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கொரோனா பயத்தைக் காசாக்கி, அறுபது எழுபது பரிசோதனைகளை ஒரு பேக்கேஜாகக் கட்டி விற்கிறார்கள். அதில் பாதி யாருக்கும் தேவைப்படாதது. நான் சொல்வது பி.பி., சர்க்கரை, சளி, வாய், மார்பகம், கருப்பை வாய் என்று அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிற ஐந்தாறு பரிசோதனைகளை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்த பிறகான சிகிச்சைக்குத்தான் உதவும். படுக்காமல் இருப்பதற்கு இவைதான் வழி.

இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். போன டிசம்பரில் வேங்கைவயலில் என்ன நடந்தது? குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது எப்படி வெளியே வந்தது? பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், மருத்துவமனைக்குக் கொண்டுபோய், குடிக்கும் தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளை "சாதாரண வயித்துவலிதான்" என்று வீட்டிலேயே வைத்திருந்தால்? வன்கொடுமை நம் உடம்பில்தான் முதலில் எழுதப்படுகிறது. அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் நேரத்தில் போய்ச் சேர்வதும் நம் போராட்டத்தின் பகுதிதான்.

கருப்பை வாய்ப் பரிசோதனையைப் பற்றிக் கடைசியில் பேசலாம் என்று வைத்திருந்தேன், கொஞ்சம் சொந்த விஷயம் என்பதால். எங்கள் பெரியம்மாவுக்கு 2020 கோடையில் மாதவிடாய் நின்ற பிறகு திட்டுத்திட்டாக ரத்தம் பட்டது. நாள் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஊரடங்கு. பிறகு அறுவடை. பிறகு இரண்டாம் அலை. 2021 மே 7ஆம் தேதி பெண்களுக்கு இலவசப் பேருந்து என்று ஆணை வந்தது, 10ஆம் தேதி முழு ஊரடங்கு வந்தது. அவர் மருத்துவமனைக்குப் போனது 2022 பொங்கலுக்குப் பிறகு. மூன்றாம் கட்டம். கதிர்வீச்சுக்குப் போகும்போதெல்லாம் நான் கூடப் போனேன். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் பேசினால் ஏறக்குறைய எல்லோர் கதையும் இதே தேதிகளில்தான் நகர்ந்தது. அந்த ஆண்டு ஐப்பசியில் பெரியம்மா இறந்துபோனார். அவருக்கு வயது 54.

இந்தப் புற்றுநோயில் என்னைக் கோபப்படுத்துவது, அது அவசரப்படாத நோய் என்பதுதான். எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி, கருப்பை வாயின் செல்கள் மாறி, புற்றாக வளர்வதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பத்து ஆண்டு அது காத்திருக்கிறது, நாம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதற்கு. பார்ப்பதற்குப் பெரிய எந்திரமும் வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது சமையலில் சேர்க்கும் வினிகர் மாதிரியானதை, பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் வைப்பார். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் அது புற்றுநோய் என்று பொருளில்லை, அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள். புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலையிலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பும் சிகிச்சையில் முடிந்துவிடும். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். ஆனாலும் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இதைச் செய்துகொண்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 10 பேர். இந்திய அளவில் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. இதில் நாம் முன்னால் நிற்கிறோம் என்று மகிழ்வதா, தொண்ணூறு பேரை நினைத்து அழுவதா?

பெண்கள் ஏன் போவதில்லை என்று கேட்டால் வெட்கம் என்கிறார்கள். பாதிதான் உண்மை. வயல்வேலையில், ஆண்டை வீட்டு முற்றத்தில் எவ்வளவோ அவமானத்தைப் பார்த்த பெண்கள் இவர்கள். காலை விரித்துப் படுத்திருக்கும்போது "எந்தத் தெரு?" என்ற குரல் வந்துவிடுமோ என்ற பயத்தையும் சேர்த்துத்தான் வெட்கம் என்ற ஒரு சொல்லில் சொல்கிறார்கள். ஒருவர் கூடப் போனால் அந்தப் பயம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. நான் பார்த்திருக்கிறேன். படித்த பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றால் "வா" தானாகவே "வாங்க" ஆகிவிடுகிறது. அப்படி மாறுவது எரிச்சலைத் தரும். இப்போதைக்கு அதைப் பயன்படுத்திக்கொள்வோம்.

அதனால் ஒரு சிறிய வேலையோடு வந்திருக்கிறேன். வரும் இரண்டு மாதங்களில், பக்கத்து இரண்டு காலனிகளிலிருந்து பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். ஒரு தடவைக்கு நாலைந்து பேர், அதற்கு மேல் வேண்டாம், கூட்டமாகப் போனால் முகாம் மாதிரி ஆகிவிடும், பேச முடியாது. சனிக்கிழமை காலை ஏழு மணி நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதவிடாய் நாட்களில் இந்தப் பரிசோதனை செய்ய முடியாது, எனவே நாளை அவர்களிடம் கேட்டே குறியுங்கள். அவர்களோடு உள்ளே போவதற்குப் பெண் தோழர்கள் வேண்டும். ஆண் தோழர்கள் அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், சமைத்தும் வைக்கலாம். பத்து மணிக்குள் முடியாது, மதியம் ஆகும், திரும்பி வந்ததும் சோறு ஆக்க வேண்டுமே என்பதும் அவர்கள் வராததற்கு ஒரு காரணம். உள்ளே யாராவது ஒருமையில் பேசினால் அங்கேயே சண்டை போடாதீர்கள், அந்தப் பெண் அடுத்த மாதமும் அதே இடத்துக்குத்தான் போக வேண்டும். தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். மொத்தமாகச் சேர்த்து மாவட்டச் சுகாதார அலுவலரிடம் கொடுப்போம். வெள்ளைத் திட்டு தெரிந்தது என்று யாருக்காவது சொன்னால், அடுத்த பரிசோதனைக்கான தேதியை அங்கேயே வாங்கிவிடுங்கள், அந்த நாளுக்கும் யார் கூடப் போவது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

பெயர் எழுதும் தாள் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு பேர் தேவை.